பம்ப்பு போச்சு, சார்!

சிறுசேரியில் ஒரு டீசல் வண்டி ரோட்டில் நின்றுவிட்டால் முதலில் வந்து சேர்வது மெக்கானிக் அல்ல; அபிப்பிராயம். மெக்கானிக் வேறொரு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி, "தோ, அஞ்சே நிமிசம், வந்துட்டேன்" என்று போனில் சொல்லிவிட்டு அங்கேயே படுத்திருப்பார். அபிப்பிராயம் யாரையும் அப்படிக் காக்க வைப்பதில்லை. நடந்து வரும், பைக்கில் வரும், கம்பெனி பஸ் ஜன்னலிலிருந்து தலையை நீட்டும்.

எங்களுடையது வாடகைப் பாத்திரக்கடை. பந்தல், சாமியானா, சேர், டேபிள், அண்டா, ஜல்லிக்கரண்டி, இட்லிக் கொப்பரை என்று ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை, பெண் தவிர மற்ற எல்லாம் எங்களிடம் கிடைக்கும். மாமனார் ஆரம்பித்த கடை. பெண் பார்க்கப் போனபோது கடையைக் காட்டினார், கணக்கு நோட்டைக் காட்டினார், மாடியில் அடுக்கியிருந்த ஜமுக்காளங்களைக்கூடக் காட்டினார். கொட்டகையில் நின்ற பிக்கப் வண்டியை மட்டும் காட்டவில்லை. அனுபவசாலி.

அந்த வண்டிதான் இந்தக் கட்டுரையின் நாயகன். பதிவு எண் தாம்பரத்து டி.என். 11. பின்கதவில் 'புதுப்பாக்கம் வீர ஆஞ்சநேயர் துணை' என்று எழுதியிருக்கும். எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லப்போவதில்லை. ஓடிய காலத்தில் அந்தக் கம்பெனிக்கு நான் ஒரு பாராட்டுக் கடிதம் எழுதியதில்லை. நின்ற காலத்தில் மட்டும் பேரை இழுப்பது நியாயமல்ல. வயதான வண்டி. எட்டு வருஷம் தாண்டிய வாடகை வண்டிக்கு வருஷா வருஷம் எப்.சி. காட்ட வேண்டும் என்பது சட்டம். அந்த ஒரு நாள் மட்டும் அது புகை விடாமல், சத்தம் போடாமல், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கும் அடக்கத்தோடு நிற்கும். மறுநாள் காலையிலிருந்து சுயரூபம்.

சிறுசேரியைப் பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. பழைய மகாபலிபுரம் சாலையில், நாவலூருக்கும் கேளம்பாக்கத்துக்கும் இடையில் இருக்கிறது. அரசாங்கம் அந்தச் சாலைக்கு ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் வைத்து வெகு காலமாகிறது. ஊர் இன்னும் ஓ.எம்.ஆர். என்றே சொல்கிறது. ஒரு பக்கம் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா. உருகுவே நாட்டுக் கட்டடக் கலைஞர் கார்லோஸ் ஓட் வடிவமைத்த டி.சி.எஸ். வளாகம் அதற்குள்தான் இருக்கிறது. எந்தெந்த தேசத்து பாங்குக் கணக்கெல்லாமோ உள்ளே குளிரில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். இந்தப் பக்கம் ஏரிக்கரையில் மாடு மேய்கிறது. 2023 அக்டோபரில் நாவலூர் சுங்கச்சாவடி வசூலை நிறுத்தியதும் வண்டிகள் நிற்பதற்கான காரணம் ஒன்று குறைந்துபோயிற்று. அந்தக் குறையை எங்கள் வண்டி தீர்த்து வைத்தது.

ஆரம்பத்தில் காலையில் மட்டும் தகராறு. செல்ப் அடித்தால் நெடுநேரம் முனகிவிட்டு, ஒரு கட்டு வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டுத்தான் கிளம்பும். "பனிக்கு அப்படித்தாண்ணே" என்றார் எங்கள் டிரைவர். அப்போது மாதம் வைகாசி. பிறகு லோடு ஏற்றினால் இழுவை குறைந்தது. பிறகு சூடாக இருக்கும்போது ஆப் செய்தால் திரும்ப எடுக்க மறுத்தது. அதனால் எங்கே போனாலும் இன்ஜினை ஓடவிட்டே சாமான் இறக்கினோம். கல்யாண வீட்டுக்காரர்கள் எங்களை அவசரக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். தொழிலில் அது ஒரு நல்ல பெயராகவே பரவியது.

ஆவணி முகூர்த்தத்தில் குட்டு உடைந்தது. தாழம்பூரில் ஒரு வளைகாப்பு. சேர், டேபிள், ஜமுக்காளம் எல்லாம் ஏற்றிக்கொண்டு போன வண்டி, சிப்காட் நுழைவாயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, ஸ்பீட் பிரேக்கரில் மெதுவாகி, ஒரு முறை குலுங்கி, அணைந்தது. டிரைவர் போன் செய்ததும் நான் ஸ்கூட்டரில் போய்ச் சேர்வதற்குள் அங்கே சபை கூடிவிட்டிருந்தது.

முதல் தீர்ப்பு ஒரு தண்ணீர் லாரி டிரைவருடையது. ஓ.எம்.ஆரின் அடுக்குமாடிகள் குடிப்பதும் குளிப்பதும் இந்த லாரிகளை நம்பித்தான். ஆகவே அவர் பேச்சில் ஒரு அதிகாரம் இருந்தது. பேனட்டைத் திறக்கும் முன்பே சொல்லிவிட்டார்: "டீசல்ல தண்ணி கலந்துகீது சார்." அடுத்து, பக்கத்து அடுக்குமாடியில் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன். அவர் பாட்டரிப் பக்கம் மட்டும் பார்த்துவிட்டு, "எர்த் சரியில்ல" என்றார். பஞ்சர் கடைக்காரர் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இன்ஜின் நின்றதற்கும் டயருக்கும் சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம், ஆனால் பின்சக்கரத்தில் காற்று கம்மி என்றார். ஒரு கட்டடத்தின் காவலாளி வந்து எங்கள் டிரைவரின் வாழ்நாள் அனுபவத்தை ஒரே வரியில் தரையில் போட்டு மிதித்தார்: "டேங்க்குல டீசல் கீதா, பார்த்தியா?"

டீசல் முள் வேலை செய்வதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. டேங்குக்குள் விட்டுப் பார்க்க ஒரு குச்சி வைத்திருக்கிறோம். டிரைவர் அந்தக் குச்சியை எடுத்து, விட்டு, வெளியே இழுத்து, நனைந்த அளவைக் காவலாளியின் மூக்குக்கு நேரே காட்டினார். காவலாளி குச்சியை முகர்ந்து பார்த்துவிட்டு, "டீசல்தான்" என்று சான்றிதழ் கொடுத்தார்.

கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு இளைஞர் வந்து நின்றார். வெகு மரியாதையாக, "அங்கிள், லாக் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். கம்ப்யூட்டரில் என்ன கோளாறு நடந்தது என்று அதுவே எழுதி வைக்கும் குறிப்பைக் கேட்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கிற்று. எங்கள் டிரைவருக்கு அந்த ஐயமே வரவில்லை. "ஏர் லாக் இருக்கும்னுதான் தம்பி நானும் நெனக்கிறேன்" என்றார். இருவரும் ஒருவரையொருவர் புரிந்துகொண்ட திருப்தியில் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

போனில் மாமியார். "மாப்ளே, கண்ணு பட்டுடுச்சு. பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரருக்கு ஒரு பூஜை போடுங்கன்னு தலப்பாடா அடிச்சிக்கிட்டேன்." அடுத்த லைனில் மச்சான். "மாமா, அதை எடைக்குப் போட்டுட்டுப் புதுசு எடுங்க. அரசாங்கமே பழைய வண்டியை உடைக்கச் சொல்லுது." 2021இல் மத்திய அரசு வாகன அழிப்புக் கொள்கையை அறிவித்ததிலிருந்து அவன் அதன் உள்ளூர்ப் பிரதிநிதியாக, சம்பளம் இல்லாமல் வேலை பார்க்கிறான்.

இதற்குள் வெயில் ஏறிவிட்டது. நின்றுகொண்டே எவ்வளவு நேரம் யோசிக்க முடியும்? யாரோ ஒருவர் வண்டியிலிருந்து ஒரு சேரை இறக்கிப் போட்டு உட்கார்ந்தார். அதைப் பார்த்து இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் சாலையோரம் முழு வரிசையே போட்டாயிற்று. எதிர்ப்பக்கத்து டீக்கடைக்காரர் தட்டில் டம்ளர்களோடு வந்துவிட்டார். நடுவே பேனட் திறந்த வண்டி, சுற்றிலும் எங்கள் சேரில் ஊர்க்காரர்கள், கையில் டீ. வளைகாப்புக்குப் போக வேண்டிய கூட்டம் அங்கே நின்றுகொண்டிருக்க, வளைகாப்பு சேர்களில் இங்கே கூட்டம் உட்கார்ந்திருந்தது. வாடகை கேட்கவும் வழியில்லை. எல்லோரும் எனக்கு உதவி செய்ய வந்தவர்கள்.

கடைசியில் ஒரு குட்டி யானையைப் பிடித்து, உட்கார்ந்திருந்தவர்களைக் கெஞ்சி எழுப்பி, சேர்களை அனுப்பி வைத்தேன். 2005இல் டாடா ஏஸ் என்ற பெயரில் வந்த வண்டி அது. 702 சி.சி., இரண்டே சிலிண்டர், 16 குதிரைசக்தி. கம்பெனி வைத்த பெயரைத் தமிழ்நாட்டில் யாரும் மதிக்கவில்லை. குட்டி யானை என்று ஊரே நாமகரணம் செய்துவிட்டது. எங்கள் வண்டியின் லோடு முழுவதையும் முதுகில் வாங்கிக்கொண்டு, எங்கள் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிற்று.

பிறகு மெக்கானிக் வந்தார். நல்ல மெக்கானிக்கை அடையாளம் காண எளிய வழி, அவர் வந்ததும் கூட்டத்தின் சத்தம் குறையும். அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. டீசல் பில்டர் தலையில் இருக்கும் ஹேண்ட் பம்ப்பை நாலு அமுக்கு அமுக்கினார். கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் குழாயில் குமிழி குமிழியாகக் காற்று ஓடியது. "ஏர் எடுக்குது" என்றார். எங்கள் டிரைவர் அந்த இளைஞரைத் தேடினார். அவர் ஷிப்ட்டுக்குப் போய்விட்டிருந்தார்.

டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை உள்ளே இழுத்து, அது கொதிக்கும் அளவுக்கு நசுக்கி, அந்தச் சூட்டில் சரியான கணத்தில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். பீய்ச்சுவது சின்ன வேலையல்ல. எங்கள் வண்டி ரகத்தில் நாசில் திறப்பதற்கே 200 பார் வாக்கில் அழுத்தம் வேண்டும். கார் டயரில் நாம் அடித்துக்கொள்வது இரண்டு பார் சொச்சம். அந்த அழுத்தத்தைக் கொடுப்பதுதான் பம்ப்பின் வேலை. டீசலை நசுக்கினால் அது சுருங்காது. போக வழி தேடி நாசிலைத் திறக்கும். நடுவில் காற்று புகுந்தால் கதை வேறு. எவ்வளவு அழுத்தினாலும் காற்று சுருங்கிக் கொடுக்கும், அழுத்தத்தை விட்டால் பழையபடி விரியும். எதிர்த்துப் பேசாது, வேலையும் செய்யாது. எங்கள் கடையில் அப்படி ஒரு ஆள் இருந்தார். வேறு கடைக்குப் போய்விட்டார்.

இந்த இன்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ப் டீசலுக்கே இப்படி ஒரு பம்ப் கொடுத்துவைக்கவில்லை. 1893இல் காப்புரிமை வாங்கி, 1897இல் ஒழுங்காக ஓடும் இன்ஜினைக் காட்டினார். அதில் எரிபொருளை உள்ளே தள்ள ஒரு தனி காற்று கம்ப்ரசர் வேண்டியிருந்தது. தொழிற்சாலையில், கப்பலில் வைத்துக்கொள்ளலாம். லாரியில் ஏற்றினால் லாரிக்கே இடம் இருக்காது. 1913இல் இங்கிலீஷ் கால்வாயைக் கடக்கும்போது அவர் கப்பலிலிருந்து காணாமல் போனார். ஜெர்மனியின் ராபர்ட் பாஷ் கம்பெனி 1922இல் டீசல் பம்ப் முயற்சியைத் தொடங்கி, 1927இல் பெருமளவில் தயாரிக்க ஆரம்பித்த பிறகுதான் டீசல் இன்ஜின் ரோட்டில் பரவலாயிற்று. 1951இல் அதே பாஷின் கூட்டில் பெங்களூரில் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி வந்தது. சுருக்கமாக மைக்கோ. 2008இல் கம்பெனி பெயர் பாஷ் என்று மாறிவிட்டது. நம் பக்கத்துப் பம்ப் கடைகளில் அந்தச் செய்தி இன்னும் நம்பப்படவில்லை. "மைக்கோ பம்ப்பா சார்?" என்றுதான் கேட்பார்கள்.

பம்ப் என்று நேரே சொல்லிவிட எங்கள் மெக்கானிக்குக்கு மனம் வரவில்லை. அது பெரிய செலவு. பெரிய செலவைச் சின்னச் செலவுகளின் வழியாகத்தான் அறிவிக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் நாகரிகம். முதலில் பில்டர். பிறகு ஓஸ். பிறகு டேங்கை இறக்கி அடியில் இருந்த சல்லடையைக் கழுவினார். கழுவிய தண்ணீர் செம்மண் நிறத்தில் போயிற்று. பிறகு பம்ப்பின் தலையில் இருக்கும் ஸ்டாப் சாலினாய்டு. சாவியைத் திருகினால் அது டீசல் வழியைத் திறக்கும், சாவியை எடுத்தால் அடைக்கும். ஒயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கு கரண்ட் வந்து வந்து போகுது" என்றார். ஒயரையும் எர்த்தையும் சரி செய்ததும் வண்டி ஓடியது. எல்லோரும் கைகுலுக்கினோம். மெக்கானிக் மட்டும் கைகுலுக்காமல், "நல்லா சூடேத்தி ஆப் பண்ணுங்க" என்றார்.

சூடேற்றி ஆப் செய்தோம். திரும்பச் செல்ப் அடித்தால் எடுக்கவில்லை. அவர் தன் தோளில் கிடந்த துண்டைக் குடத்துத் தண்ணீரில் முக்கி, பிழியாமல், பம்ப்பின் மேல் போர்த்தினார். மேலே இன்னும் ஒரு சொம்பு தண்ணீர். கொஞ்சம் பொறுத்து, "இப்ப அடிங்க." அடித்தார்கள். பளிச்சென்று எடுத்தது.

அவர் துண்டை எடுத்துப் பிழிந்துகொண்டே சொன்னார்: "பம்ப்பு போச்சு, சார்."

இது மந்திரமல்ல. சூடானால் டீசல் நீர்த்துப்போகும். பம்ப்புக்குள் இருக்கும் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் நடுவில் விடும் இடைவெளியே இரண்டு மூன்று மைக்ரான்தான். அது தேய்ந்திருந்தால், நீர்த்த டீசல் அந்தச் சந்தில் நழுவிவிடும். செல்ப் சுற்றும் மெதுவான வேகத்தில் அழுத்தம் ஏறாது. குளிரவைத்தால் டீசல் கெட்டிப்படும், பம்ப் ஒரு நிமிஷம் இளமைக்குத் திரும்பும். இதைக் கேட்டு மாமியார்தான் அதிகம் மகிழ்ந்தார். "ஈரத்துணி போட்டா இறங்காத சூடு உண்டா?" என்று அடுத்த வீட்டம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தேய்ந்ததற்குக் காரணம் தேடியதில் விஷயம் டெல்லி வரை போயிற்று. 2020 ஏப்ரலில் நாடு முழுக்க பி.எஸ்.-6 டீசல் வந்தது. பத்து லட்சத்தில் 50 பங்காக இருந்த சல்பர் 10 ஆகக் குறைந்தது. நுரையீரலுக்கு நல்லது. ஆனால் சல்பரை எடுக்கிற சுத்திகரிப்பில் டீசலின் வழவழப்பும் கொஞ்சம் போய்விடும். அதை ஈடுகட்ட மருந்து கலந்துதான் பங்க்குக்கு அனுப்புகிறார்கள். எங்கள் பம்ப் ரகத்துக்கு எண்ணெய் என்று தனியாக எதுவும் ஊற்றுவதில்லை; உள்ளே ஓடும் டீசலே எண்ணெய். பழைய ரப்பர் சீல்களுக்கும் புது டீசலுக்கும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. 1993இல் அமெரிக்கா சல்பர் குறைந்த டீசலுக்கு மாறியபோதே அங்கே பழைய பம்ப்புகளின் ரப்பர் வளையங்கள் சுருங்கி ஒழுகத் தொடங்கின. ஒழுகும் வழியில் ராத்திரியெல்லாம் காற்று உள்ளே போகும், டீசல் டேங்குக்கே திரும்பி வரும், காலையில் வண்டி முனகும். வைகாசி மாதத்துப் பனி அதுதான்.

பம்ப்பைக் கழற்றுவது ஒரு தனி வைபவம். முதலில் பாட்டரி ஒயரைப் பிரித்தார். நாலு இரும்புப் பைப்புகளையும் எது எங்கே என்று குறித்துக்கொண்டு கழற்றினார். வெடிக்கும் வரிசை 1-3-4-2. பைப் மாறினால் வண்டி எடுக்காது, எடுத்தால் இன்னும் மோசம். இன்ஜினை முதல் சிலிண்டரின் டாப்புக்குக் கொண்டுவந்து நிறுத்தி, பம்ப் உடம்பிலும் அதைத் தாங்கும் இடத்திலும் சேர்த்து உளியால் ஒரு கோடு போட்டார். பிறகு நட்டுகள். முதலாவது சுலபம். இரண்டாவது கொஞ்சம் கெஞ்ச வைத்தது. மூன்றாவது, இன்ஜினுக்கும் பம்ப்புக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாத, கைக்கு எட்டாத ஓர் இருட்டில் இருந்தது. அந்த நட்டை அங்கே வைத்தவர் அதை ஒருநாள் யாராவது கழற்றுவார்கள் என்று எதிர்பார்க்கவே இல்லை.

மெக்கானிக் பையனைப் பார்த்தார். பையன் பெட்டியிலிருந்து ஒரு ஸ்பானரை எடுத்து நீட்டினான். வெல்டிங் கடையில் சூடுபோட்டு இரண்டு இடத்தில் வளைத்து, பாதி வாயை அறுத்துத் தள்ளிய ஸ்பானர். எந்தக் கடையிலும் விற்காத உருவம். எந்தெந்த நாட்டிலோ உட்கார்ந்து இப்படி நட்டுகளை ஒளித்துவைக்கும் அத்தனை பேருக்கும் தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் அவரவர் பெட்டியில் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்.

கழற்றியாயிற்று. இனி மாற்றுப் பம்ப். புதுசுக்கு விலை கேட்டேன். வண்டியை விற்றால் வரும் தொகைக்கு வெகு பக்கத்தில் இருந்தது. அடுத்த வழி புதுப்பேட்டை. கூவத்தோரம் அந்தத் தெருக்களில் கிடைக்காத வாகன உறுப்பு கிடையாது. வாசலில் ஒரு லாரியின் கதவும் ஒரு காரின் முகமும் அக்கம்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அங்கே பம்ப் மூன்று ஜாதி. ஒரிஜினல், டூப்ளிகேட், ஒரிஜினல் டூப்ளிகேட். மூன்றாவது என்னவென்று கேட்டேன். "டூப்ளிகேட்லயே நம்பிக்கையான ஐட்டம் சார்" என்றார் கடைக்காரர். பம்ப் தகட்டில் இருக்கும் எண்ணைச் சொன்னதும், ஒரே அளவில், ஒரே நிறத்தில், அச்சாக எங்களுடையதையே எடுத்து வைத்தார். எண்ணில் ஒரு இலக்கம் மட்டும் வேறு. "அது ஒண்ணும் பண்ணாது." போனில் மெக்கானிக்கைக் கேட்டேன். "அந்த ஒரு நம்பர்தான் சார் எல்லாம் பண்ணும்" என்றார்.

ஆகவே பழைய பம்ப்பையே தாம்பரம் பக்கம் ஒரு டீசல் பம்ப் கடையில் கொடுத்து உள்ளுறுப்புகளை மாற்றுவது என்று முடிவாயிற்று. அந்தத் தெருவில் ஏ.சி. போட்ட ஒரே அறை அந்தக் கடையில்தான். மனிதர்களுக்கல்ல, பிளஞ்சருக்கு. மைக்ரான் கணக்கில் இடைவெளி விட்ட இடத்தில் ஒரு தூசு விழுந்தால் போதும். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே பேசுபவர்களும் மெல்லத்தான் பேசுகிறார்கள்.

பம்ப்காரர் எங்களுடையதை டெஸ்ட் பெஞ்சில் மாட்டிச் சுற்றவிட்டார். எதிரே வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசல் ஒவ்வொரு குழாயில் ஏறும். மூன்று குழாய்களில் ஓரளவு ஏறியது, நாலாவதில் பாதிதான். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார்: "நாலு புள்ளையில கடைசிப் புள்ளைக்கு பால் பத்தல சார். மத்ததுங்களும் அரை வயிறுதான்." டெலிவரி வால்வு, ஹெட், சீல் கிட் என்று பட்டியல் வந்தது. பிரித்த பம்ப்பை வெள்ளைத்துணியில் பரப்பிக் காட்டினார். கேம் பிளேட் ஓரத்தில் துரு. "தண்ணி போயிருக்கு. 2023 டிசம்பர் புயல்ல வண்டி எங்க நின்னுது?" மிக்ஜாம் மழையில் எங்கள் கொட்டகையில் அண்டாக்கள் மிதந்தன. வண்டி மிதக்கவில்லை, அதனால் டேங்கு மூழ்கியிருந்தது.

அப்படியானால் தண்ணீர் லாரிக்காரர் சொன்னது சரி. எர்த் தளர்ந்து சாலினாய்டு துடித்ததும் உண்மை. எலக்ட்ரீஷியன் சொன்னதும் சரி. ஏர் லாக்கும் சரி. பின்சக்கரத்தில் காற்று கம்மி என்பதுகூட, பார்த்தபோது, சரியாகவே இருந்தது. டீசலை முகர்ந்த காவலாளி ஒருவர்தான் பாக்கி. அவரும் "டீசல்தான்" என்று உண்மையையே சொன்னார். சரிசெய்த பம்ப்பைத் திரும்பப் பூட்டும் அன்று இவர்கள் எல்லோரும் மறுபடி வந்துவிட்டார்கள். சேர்கள் தாமாகவே கொட்டகையிலிருந்து வெளியே வந்தன.

உளிக்கோட்டுக்கு உளிக்கோடு சேர்த்து, டயல் கேஜ் வைத்து டைமிங் பார்த்து, மூன்றாவது நட்டையும் இருட்டுக்குள் திருப்பி அனுப்பிவிட்டு, காற்றை வெளியேற்றும் படலம் தொடங்கியது. ஹேண்ட் பம்ப்பை அமுக்கிக்கொண்டே பில்டர் ஸ்குரூவைத் தளர்த்தினார். நுரை வந்தது, நுரை நின்று டீசல் வந்தது, இறுக்கினார். பிறகு நாசில் பைப் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டு, "அடி" என்றார். செல்ப் சுற்றியது. முதலில் துப்பல், பிறகு தெறிப்பு, பிறகு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் சட்டையில் டீசல். ஒவ்வொரு நட்டாக இறுக்க இறுக்க, ஒற்றைச் சிலிண்டர் ஒன்று 'டப்' என்றது. இன்னொன்று சேர்ந்தது. மூன்றாவது தயங்கியது. நாலாவது, அந்தப் பால் பத்தாத பிள்ளை, எல்லோரையும் விட உரக்கக் குரல் கொடுத்துக்கொண்டு சேர்ந்தது.

"நான் அப்பவே சொன்னேன், தண்ணின்னு." "எர்த்துன்னு நான் சொன்னனா இல்லியா?" சொன்னவர்கள் எல்லோரும் ஜெயித்த வழக்கு அது. தோற்றது நான் கட்டிய பில் மட்டும்.

அப்போதுதான் மச்சான் தன் புது பிக்கப்போடு வந்து இறங்கினான். பி.எஸ்.-6. எங்கள் இன்ஜின் சத்தத்தை ஒரு காதால் கேட்டு, மறு காதைப் பொத்திக்கொண்டு, "மாமா, இதெல்லாம் இந்தக் காலத்துல..." என்று ஆரம்பித்தான். அவன் வண்டி மேல் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். நல்ல இழுவை, நல்ல சீட், உள்ளே பாட்டு. அதுவும் ஒரு மாதம் கழித்து, அதே சிப்காட் பக்கம், ஆரஞ்சு விளக்கு ஒன்றைக் காட்டிவிட்டு நின்றது.

சபை ஓடி வந்தது. தண்ணீர் லாரிக்காரர், எலக்ட்ரீஷியன், காவலாளி, எல்லோரும். பேனட்டைத் திறந்தால் மேலே ஒரு பெரிய கறுப்பு பிளாஸ்டிக் மூடி. கீழே என்ன இருக்கிறது என்று ஆஞ்சநேயருக்குத்தான் வெளிச்சம். எதைத் தொடுவது? எதை முகர்வது? ஈரத்துணியை எங்கே போர்த்துவது? மெக்கானிக் வந்தார், அவர் வளைத்த ஸ்பானரை எடுக்கவில்லை, ஒரு ஸ்கேனரை எடுத்து ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினார். திரையில் 'பி 0087' என்று வந்தது. எரிபொருள் அழுத்தம் குறைவு என்று அர்த்தமாம். அதாவது எங்கள் வண்டிக்கு வந்த அதே நோய். லாக் கேட்ட அந்த இளைஞர் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். மற்றவர்கள் அந்தக் குறியீட்டை ஒரு தரம் பார்த்தார்கள், ஒருவரையொருவர் ஒரு தரம் பார்த்தார்கள். ஸ்கேனர் சொல்லிவிட்ட பிறகு மனிதன் சொல்ல என்ன இருக்கிறது? அப்பீல் கிடையாது. ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். சர்வீஸ் சென்டரிலிருந்து ரெக்கவரி வண்டி வந்து, யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல், தூக்கிக்கொண்டு போயிற்று.

பழைய பம்ப் நின்றால் ஊருக்கே அதில் ஒரு பங்கு உண்டு. எவரும் தன் தொழிலில் தான் கற்றதை அதன்மேல் வைத்துப் பார்க்கலாம், தட்டலாம், கேட்கலாம், கொஞ்சம் சரியாகவும் இருக்கலாம். வண்டியை விற்கச் சொல்லி மச்சான் இன்னும் நச்சரிக்கிறான். வாங்க வருபவர்களிடம் இந்த வசதிக்கு என்ன விலை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

டீக்கடைக்காரர் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறார். மச்சானின் வண்டியை ரெக்கவரி தூக்கிக்கொண்டு போன பிறகு காலி டம்ளர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். "ஒரு டீ கூட ஓடலியே சார்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, வெகு அக்கறையாக, "உங்க வண்டி அடுத்து எப்ப சார் நிக்கும்?" என்று கேட்டார்.